மறைத்த நூலும் மறுத்த விடையும்

"ஏனுங் தம்பி, சாதகம் பார்க்கிற புத்தகம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

கேட்டவர் பனியன் கம்பெனித் தையற்காரர். காதோரம் நரைத்தவர். சட்டைத் தோளிலே பஞ்சுத் துகள், விரல் நுனியிலே ஊசி ஏறிய வடு. ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்கு நூலகம் கதவு திறந்திருக்கும் நேரத்திலே வந்து சேர்வதென்பது வாரத்துக்கு ஒருமுறை வாய்த்தாலே பெரிது. அப்படி வாய்த்த ஒரு நாளில் வந்தார். வந்தவர் கேட்டது அந்த நூலை.

"இல்லீங்கண்ணா" என்றேன்.

பொய்! இரண்டு கை எட்டும் தொலைவிலே, 133.5 என்ற எண்ணின் கீழ், மூன்று நூல்கள் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தன. என் முன்னிருந்த கணினித் திரையும் மூன்றும் இருப்பில் உள்ளன என்றே காட்டிற்று. அவர் போன பிறகு நான் இன்னொன்றும் செய்தேன். மூன்றின் பதிவையும் திறந்து, "காணவில்லை" என்று குறித்து வைத்தேன். நூல்களை எடுத்து அலமாரியின் பின்வரிசையிலே தள்ளினேன். முன்னாளிலே ஒரு நூலை ஒழிக்க வேண்டுமானால் தீ மூட்ட வேண்டும். திறந்த வெளியிலே, நாலுபேர் காணச் செய்ய வேண்டும். இன்றைக்கு ஒரு விசை போதும். புகையும் இல்லை, பழியும் இல்லை!

நான் நூலக அறிவியல் முதுகலை பயிலும் மாணவன். காலையிலே திருப்பூரிலிருந்து கோவைக்குப் பேருந்து. மாலையிலே திரும்பி, பயிற்சிக்கென ஒரு பொது நூலகத்திலே பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. வகுப்பு எண், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, பட்டைக்குறி - ஒரு மாலைக்கு ஐம்பது நூல் ஏற்றினால் அது நல்ல மாலை. பகுத்தறிவுப் படிப்பகங்களிலே வளர்ந்தவன் ஆதலால், சோதிட நூலை மறைத்த அன்று இரவு எனக்கு உறக்கம் கெடவில்லை. கெடாதது மட்டுமா? ஒரு பாமரனை மடமையின் வாயிலிருந்து மீட்டுவிட்டோம் என்ற நிறைவோடு படுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதே வாரத்தின் கடைசியிலே வேறொருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையிலே கட்சிக் கொடியல்ல, சாதிச் சங்கத்தின் அட்டை. நூல் கேட்க வரவில்லை.

"தம்பி, எங்க அண்ணன் மக இங்க வந்து போகுதாமா. செக்கிங்ல இருக்குது. அது என்ன புத்தகம் எடுத்துட்டுப் போகுதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லோணுமே. வீட்டுப் புள்ளை என்ன படிக்குதுன்னு தெரிஞ்சுக்கோணுமல்லங்க?"

கணினி திறந்தே இருந்தது. அந்தப் பெண்ணின் உறுப்பினர் எண்ணைத் தட்டினால், சேர்ந்த நாள் முதலாக அவள் கைபட்ட நூல்களின் பெயரெல்லாம், எடுத்த நாளோடும் திருப்பிய நாளோடும் வரிசையாக வந்து நிற்கும். அவள் என்ன எடுத்தாள் என்பதை நான் இங்கும் எழுதப் போவதில்லை.

"சொல்ல முடியாதுங்க. அவங்க படிக்கிறது அவங்களுக்கும் புத்தகத்துக்கும் உள்ளது. நடுவுல வர எனக்கே உரிமை இல்லீங்க."

அவர் முறைத்தார். யாருக்கோ தொலைபேசியிலே பேசுவதுபோல் பேசினார். பிறகு போய்விட்டார். எனக்குக் கை நடுங்கிற்று என்பது உண்மை. ஆனால் நடுக்கம் அடங்கிய பின்னர் வந்தது அதனினும் கொடிய ஒன்று. நான் சொன்ன சொல்லே திரும்பி வந்து என் எதிரிலே நின்றது. நடுவிலே வர எனக்கே உரிமை இல்லையாம்! நான்கு நாட்களுக்கு முன்பு, தையற்காரருக்கும் அவர் கேட்ட நூலுக்கும் நடுவிலே வந்து குந்திக்கொண்டவன் எவன்?

தோழர்களே! இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் நான் நல்லவன், இரண்டாவதிலும் நான் நல்லவன் என்று தீர்ப்பளிக்க உங்களில் பலர் விரும்பக்கூடும். நானும் அப்படித்தான் விரும்பினேன். இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாதிச் சங்கத்துக்காரர் என்ன எண்ணுகிறார்? "அந்தப் பெண் அறியாதவள். கெட்ட நூல் அவளைக் கெடுத்துவிடும். அவளுடைய நன்மை அவளைக்காட்டிலும் எனக்குத் தெரியும்." நான் என்ன எண்ணினேன்? "அந்தத் தையற்காரர் அறியாதவர். கெட்ட நூல் அவரைக் கெடுத்துவிடும். அவருடைய நன்மை அவரைக்காட்டிலும் எனக்குத் தெரியும்." பெயரை மாற்றினால் வாசகம் ஒன்றே! அவர் கருதும் நன்மை சாதிக் கட்டு, நான் கருதும் நன்மை பகுத்தறிவு. இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். அல்லதான். ஆனால் வழக்கு இப்போது எது நன்மை என்பது பற்றியதன்று. இன்னொருவர் மண்டைக்குள்ளே எது நுழையலாம் என்று அவரைக் கேட்காமலே முடிவு செய்யும் அதிகாரம் எவருக்கு உண்டு என்பதே வழக்கு.

அந்த அதிகாரத்தை நாம் அறியோமா? மறை ஓதக் கேட்ட நான்காம் வருணத்தான் காதிலே ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுக என்றது கௌதம தரும சூத்திரம். அந்த வரியை எத்தனை மேடைகளிலே எடுத்துக் காட்டிக் கொதித்திருக்கிறோம்! கொதித்தது எதற்காக? மறையிலே அரிய பொருள் இருக்கிறது, அது நமக்குக் கிடைக்காமல் போயிற்றே என்றா? இல்லை. கேட்கத் தகுந்தவன் இவன், தகாதவன் இவன் என்று ஒருவன் இன்னொருவனுக்கு வரம்பு கட்டினானே, அதற்காக.

இந்த மண்ணின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு. ஓமந்தூரார் ஆட்சி. இந்தியத் துணைக்கண்டத்தில் விடுதலைக்குப் பிறகு எந்த மாகாணமும் செய்யாத ஒன்றைச் சென்னை மாகாணம் செய்தது. பொது நூலகச் சட்டம் கண்டது. கல்வி அமைச்சராயிருந்து அதற்குத் துணை நின்றவர் தி.சு. அவினாசிலிங்கம். அந்தத் 'தி' திருப்பூர்! பனியன் நகரம் ஏற்றுமதிக் கணக்கைச் சொல்லிப் பெருமைப்படுகிறது, ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் என்கிறது, சொல்லட்டும். நாட்டின் முதல் நூலகச் சட்டத்தோடு இந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை எத்தனைபேர் சொல்கிறார்கள்? சீர்காழியிலே 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் 1924இல் அமர்ந்து, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்துத் தந்த அரங்கநாதன் பல ஆண்டுகள் இடித்து இடித்துக் கேட்டதன் பயன் அந்தச் சட்டம்.

சரி, அதே 1948இல் அதே ஆட்சி செய்த இன்னொரு காரியம் என்ன? இராவண காவியத்துக்குத் தடை! ஈரோட்டுப் பக்கத்து ஓலவலசிலே பிறந்த புலவர் குழந்தை, 3,100 பாடல்களாலே பாடி 1946இல் வெளியிட்ட காவியம். ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்று சட்டம் இயற்றிய கை, நூலகத்திலே இந்த நூல் இருக்கக்கூடாது என்றும் கையெழுத்திட்டது. தடை நீங்கியது 1971இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! 'ஆரியமாயை' எழுதியதற்காக அண்ணா தண்டிக்கப்பட்டது 1950இல். தடை விதித்தவர்கள் எல்லாம் கொடியவர்களா? நான் அப்படி நினைக்கவில்லை. மக்கள் மனம் புண்படும், அமைதி குலையும், பாமரர் கெட்டுப் போவர் என்றே உண்மையாக எண்ணியிருப்பார்கள். என்னைப் போலவே நிறைவோடு உறங்கியுமிருப்பார்கள்!

கொங்கு நாட்டிலே அண்மையில் நடந்ததும் அதுவே. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010இல். நான்காண்டு சும்மா இருந்துவிட்டு, 2014இன் கடைசியிலே திருச்செங்கோட்டில் கொதித்தெழுந்தார்கள். 2015 சனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நூலின் பக்கம் நின்றது. பிடிக்காத நூலைப் படிக்கும்படி எவரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்ற எளிய உண்மையை எடுத்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு மகிழ்ந்தவர்களிலே நானும் ஒருவன். நீதிமன்றம் பெருமாள்முருகனுக்காகச் சொன்னது, சோதிட நூலுக்குப் பொருந்தாது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். வலிமையான எதிர்வாதம் என்பதால் விரைந்து கடந்துவிடக்கூடாது. என் வகுப்புத் தோழர் ஒருவர் சொன்னார்: "மருந்துக் கடைக்காரன் கேட்டவனுக்கெல்லாம் நஞ்சு விற்பானா? பொய்யைப் பொதுப் பணத்திலே வாங்கி, பொதுக் கட்டடத்திலே வைத்து, பொதுச் சம்பளம் வாங்குகிறவன் கையாலே எடுத்துக் கொடுப்பதா?"

நஞ்சு குடித்தவனுடைய ஒப்புதலைக் கேட்பதில்லை. குடலுக்குள்ளே போனதும் தன் வேலையைச் செய்கிறது. நூல் அப்படியன்று. அது படிப்பவனுடைய சிந்தனை என்னும் வாசலைக் கடந்தாக வேண்டும். அந்த வாசலிலே காவல் நிற்க வேண்டியவன் அவனே. அவன் காவல் தளர்ந்திருக்கிறது என்றால் அதை உரமாக்குவதே நம் வேலை. அவனைத் தள்ளிவிட்டு நாம் காவலுக்கு உட்காருவதல்ல. பெரியார் மேடைதோறும் சொன்னது நினைவில் இல்லையா? நான் சொல்வதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தை அவர் விடாமல் சொன்னார். எதிர்த் தரப்பைப் படிக்கவே விடாமல் செய்துவிட்டு, உன் அறிவால் ஆராய்ந்து முடிவு செய் என்பது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதாகும்.

பொதுப் பணம் என்றாரே, அந்தப் பணம் யாருடையது? சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி வாங்கப்படுகிறது. கட்டுகிறவர் வீட்டுக்காரர் என்று ரசீது சொல்லும். லைன் வீட்டிலே ஓர் அறையும் ஒரு திண்ணையும் வாடகைக்கு எடுத்திருக்கிறாரே தையற்காரர், அவருடைய வாடகைக்குள்ளே அந்தப் பத்துக் காசு ஒளிந்திருக்கிறது. (அப்படிப் பிரித்த வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்கு உரிய காலத்திலே தருவதில்லை என்ற முறையீடு நெடுநாளாக உண்டு. அது வேறு கதை. அதற்கு வேறொரு கட்டுரை வேண்டும்.) தன் பணத்திலே வாங்கிய நூலைக் கேட்க வந்தவரிடம் நான் இல்லையென்றேன்.

ஆயினும் நூலகர் எதையும் தேர்ந்தெடுக்கவே கூடாதா? பணம் அளவானது, அலமாரி அளவானது, தேர்ந்தெடுத்துத்தான் தீரவேண்டும். லெஸ்டர் ஆஷெயிம் என்ற அமெரிக்க நூலகவியலார் 1953இல் எழுதிய ஒரு கட்டுரையிலே இதற்கு நல்ல அளவுகோல் தந்தார். தேர்வு செய்கிறவர் ஒரு நூலை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார். தணிக்கை செய்கிறவர் அதை நீக்கக் காரணம் தேடுகிறார் என்பது அவர் கண்ட வேறுபாடு. நாற்பது சோதிட நூல் கேட்டுக் குறிப்பு வந்தால், மூன்று போதும், மிஞ்சிய பணத்துக்கு வானியல் வாங்குவோம் என்று ஒரு நூலகர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் வாங்கி வைத்த மூன்றையும் "காணவில்லை" என்று பொய்க்குறி இடுவது தேர்வாகாது. அது திருட்டு!

ஒன்றை மட்டும் என்னால் முழுதும் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் போகாதே, இன்ன வேரை அரைத்துக் கொடு என்று எழுதிய நூல் ஒன்றும் எங்கள் அலமாரியிலே இருக்கிறது. அங்கே படிப்பவர் ஒருவர், சாகக்கூடியது வேறொருவர். அந்த நூலைக் கேட்டு ஒரு தாய் வந்தால் என்ன செய்வேன்? மருத்துவர் எழுதிய நூலையும் சேர்த்துக் கொடுப்பேன், வாய்விட்டு எச்சரிப்பேன், அவ்வளவுதான் செய்வேன் என்று நினைக்கிறேன். நெஞ்சு முழு அமைதி கொள்ளவில்லை.

வாய்விட்டு என்றேனே, அதிலேதான் சிக்கல் அவிழ்கிறது. "அண்ணா, இந்த நூல் உங்களிடம் சொல்வது பொய் என்பது என் கருத்து, கோள்கள் எப்படிச் சுழல்கின்றன என்று சொல்லும் இந்த நூலையும் எடுத்துப் போங்கள்" என்று நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அது பகுத்தறிவுப் பணி. அவர் மறுக்கலாம், வாதிடலாம், சிரிக்கலாம். என்னை ஒரு மனிதன் எதிர்கொள்கிறான். நானோ இல்லையென்று சொல்லி, வாதத்துக்கே இடமில்லாமல் செய்தேன். அவரோடு வாதிடத் தேவையில்லை, அவரைக் கையாண்டால் போதும் என்று முடிவு கட்டினேன். 1934இலே பெரியாரும் அண்ணாவும் முதன்முதல் சந்தித்தது இதே திருப்பூரில், செங்குந்தர் இளைஞர் மாநாட்டிலே. அன்று தொடங்கி இந்த இயக்கம் நெசவாளியையும் தறிக்காரனையும் தெருமுனையிலே நிறுத்தி, நெற்றிக்கு நேரே பேசியது. ஒருவரையும் அது இருட்டிலே கடத்திக்கொண்டு போகவில்லை.

கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

பழைய முறையை நாங்கள் வகுப்பிலே ஒரு வரலாற்றுப் பாடமாகப் படிக்கிறோம். நினா பிரவுன் என்ற அம்மையார் 1895இல் வகுத்தது. வாசகருக்குப் பை போன்ற சிறு சீட்டு. நூலுக்குள்ளே ஓர் அட்டை. நூலை எடுக்கும்போது அட்டை சீட்டுக்குள் நுழைகிறது. இரண்டும் நூலகர் மேசையிலே ஒன்றாய்த் தங்குகின்றன. நூல் திரும்பி வந்ததும் அட்டை நூலுக்கு, சீட்டு வாசகருக்கு. முடிந்தது! யார் எதைப் படித்தார் என்பதற்கு ஒரு கோடும் மிஞ்சாது. அந்த முறை இயல்பிலேயே மறக்கும். அன்றைக்குச் சாதிச் சங்கத்துக்காரர் வந்திருந்தால், நூலகர் கோழையாயிருந்தாலும் கேடில்லை. சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமிராது.

கணினியின் இயல்பு நேர்மாறு. அது நினைவு வைக்கும். மறக்கச் சொன்னாலன்றி மறக்காது. நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 சனவரியில் ஓடத் தொடங்கிய கோஹா என்னும் கட்டற்ற மென்பொருளைப் பாடமாகப் பயில்கிறோம். நூலைத் திருப்பியதும் வாசகர் பெயரைப் பதிவிலிருந்து நீக்கிவிடும் வழி அதிலே இருக்கிறது. வழி இருக்கிறது, திறந்து வைப்பவர் நூலகர். திறக்கவில்லையானால் பெயர் அங்கேயே கிடக்கும். அமெரிக்காவில் 2001க்குப் பிறகு வந்த பாதுகாப்புச் சட்டங்களின் பெயரால் 2005இல் அரசு நூலகப் பதிவைக் கேட்டபோது, கனெக்டிகட் மாநிலத்து நூலகர்கள் நால்வர் தர மறுத்து வழக்காடினர். நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24இல் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு தில்லியிலே இருக்கிறது. திருப்பூரிலே ஒரு மேசைமேல் கணினி திறந்து கிடக்கிறது. எதிரே ஒருவர் மீசையை நீவிக்கொண்டு நிற்கிறார். இடையிலே இருப்பது ஒரு பயிற்சி மாணவனின் நாக்கு மட்டும்!

இதைச் சிறு செய்தி என்று எண்ணாதீர்கள். இந்தத் திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையிலேதான், 2016 மார்ச் 13 அன்று, சாதி மறுத்து மணந்த சங்கரைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், ஊர் பார்க்க வெட்டிக் கொன்றார்கள். பெண் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், என்ன படிக்கிறாள் என்ற கேள்விகளுக்கு இந்த மண்ணிலே இரத்தத்தின் நிறம் உண்டு. அதனாலேதான் என் கை நடுங்கியது.

வகைப்படுத்தும் கலைக்கே ஒரு பழி உண்டு. போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1876இல் பதின்மான வகைப்பாட்டைத் தந்த மெல்வில் டூயி, நூல்களை மட்டுமா வகுத்தார்? தாம் நடத்திய மன்றத்திலே யூதருக்கு இடமில்லை என்று மனிதரையும் வகுத்தார். எதிர்ப்பு எழுந்தது, 1905இல் நியூயார்க் மாநில நூலகர் பதவியை விட்டார். அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது 2019இல். அவருடைய எண்கள்தான் இன்னும் எங்கள் அலமாரியை ஆள்கின்றன. சோதிடத்துக்கு அவர் தந்த இடம் மெய்யியலின் வீட்டிலே. வானியலோ 520இல், ஏறத்தாழ நானூறு எண்கள் தள்ளி! 133.5இல் நிற்பவர் தாமாக நடந்து 520க்குப் போய்ச் சேரமாட்டார். அழைத்துப் போகவே நூலகர் என்று ஒருவரை வைத்திருக்கிறது நாடு.

ஆட்சிகளும் நூலகத்தை விட்டுவைப்பதில்லை. கோட்டூர்புரத்திலே 2010 செப்டம்பர் 15இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறியதும் 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது. அப்போது நாம் எழுப்பிய கூக்குரல் பெரிது; நியாயமானது. ஒன்பது மாடிக் கட்டடத்தை மூட அரசாணை வேண்டியிருந்தது, அது செய்தித்தாளில் வந்தது, வழக்கு மன்றம் ஏறிற்று. மூன்று நூல்களை மூட நான் எவரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. எந்தத் தாளிலும் வரவில்லை.

சாதிச் சங்கத்துக்காரர் வந்து போன மறுநாள், முதல் வேலையாகப் பொறுப்பு நூலகரிடம் நடந்ததைச் சொன்னேன். சோதிட நூல் செய்தியையும் சேர்த்துத்தான். கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. "மறைச்சது முதல் தப்பு. கணினியில பொய் எழுதினது ரெண்டாவது. ரெண்டாவதை இப்பவே திருத்து" என்றார். மூன்று பதிவுகளையும் இருப்புக்கு மாற்றினேன். திருப்பித் தந்த நூல்களின் பதிவிலே வாசகர் பெயர் தங்காதபடி செய்யலாமா என்று கேட்டேன். மேலிடத்திலே கேட்டு எழுதவேண்டும் என்றார். எழுதியிருக்கிறோம். விடை வரவில்லை.

தையற்காரர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலையிலே வந்தார். எழுந்து போய், "அண்ணா, அன்னிக்கு நான் இல்லைன்னு சொன்னது பொய்ங்க. இருந்துச்சு. எனக்குச் சோதிடத்துல நம்பிக்கை இல்லை, அதனால மறைச்சுட்டேன். தப்புத்தானுங்க" என்று சொல்லி, மூன்று நூல்களையும், கூடவே வானியல் நூல் ஒன்றையும் அவர் முன்னே வைத்தேன்.

அவர் என்னையும் நூல்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். மகளுக்குச் செவ்வாய்த் தோசம் என்று ஒருவன் சொல்லிவிட்டான், மூன்று இடம் தட்டிப்போயிற்று, கழிப்புக்கு இருபதாயிரம் கேட்கிறான், அவன் சொல்வது அவன் நூலிலாவது இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். இதை என் வாதத்துக்கு வெற்றியென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் முழு நம்பிக்கையோடே கேட்டிருந்தாலும் நான் மறைத்தது குற்றமே.

மூன்றிலே ஒன்றை எடுத்துக்கொண்டார். வானியல் நூலைப் புரட்டினார். செவ்வாயின் நிழற்படம் இருந்த பக்கத்திலே நின்றார். "இதுங்களா அது?" என்றார். "அதேதானுங்கண்ணா" என்றேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதையும் கக்கத்திலே இடுக்கிக்கொண்டு, "எத்தனை நாளைக்குள்ள கொண்டாரோணும் தம்பி?" என்று கேட்டார்.